போஸ்டரில் யாருக்கும் இழுப்பு இல்லை

கல்யாணம், காதுகுத்து, நிச்சயதார்த்தம், கட்சிக்காரர்களின் விருந்து, எதுவானாலும் மேடையேறி மைக்கைப் பிடித்து வணக்கம் சொல்வது என் பிழைப்பு. இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. ஈப்போவில் என் முகம் தெரியாதவர்கள்கூட, பசாரில் நான் மீன் விலை கேட்டால் குரலை வைத்துத் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரிக்கு ஆஸ்துமா இருப்பது, பெற்றவர்களை விட்டால், என் மகளுக்கும் காலஞ்சென்ற என் கணவருக்கும் மட்டும்தான் தெரிந்திருந்தது.

எங்கள் வீட்டில் அதற்கு இழுப்பு என்று பெயர். இன்ஹேலருக்குப் பம்பு. இந்த இரண்டு வார்த்தையும் வாசல்படி தாண்டக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். சட்டம் போட்டவள் நான். வெளியிடத்தில் மூச்சு முட்டினால் "பாத்ரூம் போயிட்டு வாரேன்" என்று எழுந்து போக வேண்டும், கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு முறை இழுக்க வேண்டும், உதட்டுச் சாயத்தைச் சரிசெய்துகொண்டு திரும்பி வர வேண்டும். என் மகளுக்கு ஆறு வயதில் இழுப்பு வந்தது. ஏழு வயதில் இதையெல்லாம் கற்றுக்கொண்டாள். நான்தான் சொல்லிக்கொடுத்தேன், அதில் பெருமை வேறு.

நான் வளர்ந்த எஸ்டேட்டில் இழுப்புக்காரி என்று பெயர் எடுத்துவிட்டால் அந்தப் பெண்ணைக் கேட்டு ஒருவரும் வர மாட்டார்கள். என் அம்மா என் மாமியாரிடம் "பிள்ளைக்கு அடிக்கடி சளி பிடிக்கும்" என்று சொல்லித்தான் என்னைத் தள்ளிவிட்டார். மாமியார் கடைசிவரை அதைச் சளி என்றே நம்பினார். எனக்கு ஓமவல்லிக் கஷாயம் கொடுத்துக் கொடுத்தே போய்ச் சேர்ந்தார், பாவம்.

போன வருடம் ஒரு பெண் போன் பண்ணினாள். ஆஸ்துமா, ஒவ்வாமை பற்றிய ஆராய்ச்சிக்கு நிதி திரட்டும் ஓர் அமைப்பில் வேலை செய்கிறவள். ஊரில் நாலு பேருக்குத் தெரிந்த முகங்களை ஆதரவாளர்களாகச் சேர்க்கிறார்களாம். "அக்கா, உங்க குரல் எல்லாருக்கும் தெரியும். ஒரு போட்டோ, ஒரு வரி, தொடக்க விழாவுல பேசணும், அவ்வளவுதான்லா" என்றாள். எனக்கு இழுப்பு என்று அவளுக்குத் தெரிந்துவிட்டதோ என்று ஒரு கணம் பயந்தேன். அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. உடனே ஒப்புக்கொண்டேன். நல்ல காரியம் என்றெல்லாம் இல்லை. என் முகம் போஸ்டரில் வரும் என்ற ஆசைதான்.

நேரில் பார்த்தபோது, இந்தப் பணத்தை வைத்து என்னதான் ஆராய்ச்சி செய்வார்கள் என்று கேட்டேன். அந்தப் பெண் ஈப்போவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை, விஷயத்தைத் தெளிவாகச் சொல்லத் தெரிந்தவள். யாருக்கு வருகிறது, எந்த வீட்டில் அதிகம், தூசியா, பூஞ்சையா, புகையா என்று குடும்பங்களைக் கேட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டுமாம். "அங்கதான்க்கா பிரச்சனை. நம்ம ஆளுங்க வீட்டுல போய்க் கேட்டா, எங்க வீட்டுல யாருக்கும் இல்லன்னு சொல்லிடுறாங்க. உள்ளுக்குள்ள பிள்ளை இருமுற சத்தம் கேக்கும்" என்றாள். நான் உச்சுக்கொட்டி, நம் சனங்கள் எப்போதுதான் திருந்தப் போகிறார்களோ என்று சொன்னேன். அப்படிச் சொன்ன வாயை இப்போது நினைத்தால் எனக்கே அறையலாம்போல் இருக்கிறது.

போஸ்டரில் மூன்று பேர். சிறு வயதில் மாநிலத்துக்குக் காற்பந்து ஆடிய ஒருவர், காணொளியில் சமைத்துக் காட்டும் ஒரு பெண்மணி, நான். ஒவ்வொருவர் படத்துக்கும் கீழே ஏன் ஆதரிக்கிறோம் என்று ஒரு வரி. காற்பந்துக்காரர் தம் அண்ணன் மகனுக்காக என்று எழுதியிருந்தார். சமையல்காரம்மா பக்கத்து வீட்டுக் குழந்தைக்காக. நான் "என் அன்புத் தோழிக்காக" என்று எழுதிக் கொடுத்தேன். அச்சாகி வந்ததைப் பார்த்து என் மகள் சிரித்தாள்.

"யாரு மா அந்தத் தோழி?"

"சும்மா இருலா" என்றேன்.

அவளுக்கு அப்போது வரன் பேசிக்கொண்டிருந்தோம். தஞ்சோங் மாலிமில் உள்ள கார் தொழிற்சாலையில் வேலை, வாரக் கடைசியில்தான் வீட்டுக்கு வருவாள். பையன் ஊர் சித்தியவான், வங்கியில் இருக்கிறான். இருவரும் இரண்டு முறை சந்தித்துப் பேசிவிட்டார்கள். பிடித்திருக்கிறதா என்று கேட்டதற்கு "சரி மா" என்றாள். அவள் எதற்கும் அவ்வளவுதான் பேசுவாள். பையனின் அம்மா தையல் கடை வைத்திருப்பவர். அதிகம் பேசாமல் எல்லாவற்றையும் பார்க்கிற பெண்மணி. அவர்கள் சரி என்று சொல்வதுதான் பாக்கி. இழுப்பைப் பற்றி மூச்சு விடவில்லை. தாலி ஏறிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது என் கணக்கு. மகள் ஒருமுறை "நானே அவர்கிட்ட சொல்லிடவா?" என்று கேட்டாள். நான் போட்ட சத்தத்தில் அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை.

தொடக்க விழாவுக்குப் பையனின் அம்மாவையும் அழைத்தேன். மேடையில் என்னைப் பார்த்தால் நம் குடும்பத்தின் மதிப்பு தெரியும் என்ற நினைப்பு. அன்று காலை மகள் கட்டிய புடவைக்குப் பொருத்தமாக ஒரு சின்னக் கைப்பை எடுத்துக் கொடுத்தேன். பம்பை வைத்தால் அது பிதுங்கிக்கொண்டு தெரிந்தது. "வண்டியிலேயே வச்சிடு. அந்தம்மா பக்கத்துலதான் நீ உக்காரப் போற" என்றேன். வைத்துவிட்டாள். வண்டிச் சாவி என் பைக்குள், என் பை மேடைக்குப் பின்னால். என் பம்பும் அதே பையில்தான், மேடையேறும் முன் ஒளிந்து நின்று இழுத்துவிட்டுத்தான் மேலே போனேன்.

இனி சொல்லப்போவதைக் கேட்டால் யாரும் நம்ப மாட்டார்கள். கோயிலை ஒட்டிய மண்டபம் அது. நான் எந்த நிகழ்ச்சிக்குப் போனாலும் முதலில் மண்டபத்து அண்ணனைக் கூப்பிட்டு, "அண்ணே, ஒரு சுத்து சாம்பிராணி போட்டுடுங்க, மங்களகரமா இருக்கும்" என்று சொல்வது பழக்கம். அன்றும் சொன்னேன். ஆஸ்துமா ஆராய்ச்சிக்கான விழாவில், ஏர்கோன் போட்டுக் கதவையெல்லாம் சாத்திவைத்த மண்டபத்தில், தூபக்காலோடு அவர் நாலு மூலையும் சுற்றி வந்தார். காற்பந்துக்காரர் கைகூப்பி நின்றார். ஏற்பாட்டுக் குழுவும் கைகூப்பி நின்றது. அமைப்பின் பெண் மட்டும் மேடையோரம் வந்து, "அக்கா, புகை கொஞ்சம் கூடவோ?" என்று மெதுவாகக் கேட்டாள். சாமி காரியம் என்று நான் அவளை அடக்கிவிட்டேன்.

மைக்கைப் பிடித்துத் தோழியின் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். அவள் எப்படி மூச்சுக்குத் திணறுவாள், எப்படி அதை மறைத்து மறைத்து வாழ்ந்தாள் என்று உருக்கமாகப் பேசினேன். முன்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இரண்டாம் வரிசையில் என் மகள் எழுந்து வெளியே போவதைப் பார்த்தேன். பாத்ரூம் போகிறாள், இழுத்துவிட்டு வருவாள் என்று பேச்சைத் தொடர்ந்தேன். இரண்டு மூன்று நிமிடம் போயிருக்கும். பம்பு வண்டியில் இருக்கிறது, சாவி என்னிடம் இருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது.

ஓடினேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. ஓடவில்லை. "சிறியதொரு இடைவேளை, அனைவரும் தேநீர் அருந்தலாம்" என்று சிரித்த முகத்தோடு அறிவித்தேன். பையை எடுத்துக்கொண்டு, நடந்து, வணக்கம் வைத்தவர்களுக்குத் திரும்ப வணக்கம் வைத்து, அப்புறம்தான் வெளியே போனேன்.

வெயிலில், பூட்டிய காரின் மேல் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்து நின்றாள். தோள் இரண்டும் ஏறி ஏறி இறங்கின. பேச்சு வரவில்லை. பையனின் அம்மா ஏற்கெனவே அங்கே வந்து அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். நான் என் பையிலிருந்த பம்பை எடுத்து, முந்தானையால் மறைத்துக்கொண்டு மகளின் வாயில் வைத்தேன். அந்த நேரத்திலும் முந்தானை. நாலைந்து முறை இழுத்தும் அடங்கவில்லை. உதடு வெளுத்துவிட்டது. பையனின் அம்மாதான் "சாவியக் குடுங்க, நான் ஓட்டுறேன்" என்று வாங்கிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும் ஒரு கிளினிக் பக்கத்துக் கடைவரிசையில் இருந்தது. இளம் டாக்டர், நம் பெண்தான். உடனே முகமூடியை மாட்டி மருந்துப் புகையைக் கொடுக்க ஆரம்பித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஆன்ட்டி, இவங்களுக்கு ஆஸ்துமா எத்தன வருஷமா இருக்கு?"

பையனின் அம்மா என் பக்கத்திலேயே நின்றார். "அதெல்லாம் இல்லீங்க டாக்டர். இதான் முதல் தடவ" என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய் இல்லை. தானாக வந்தது. கார் பக்கத்தில் என் பையிலிருந்து பம்பு வந்ததை அவர் கண்ணால் பார்த்திருந்தார், அப்படியும் வந்தது. டாக்டரின் முகம் மாறியது. "அப்போ சாப்பாட்டு அலர்ஜியா இருக்கலாம். காலையில என்ன சாப்பிட்டாங்க? இறால், நண்டு ஏதாவது?" என்று கேட்டுக்கொண்டே ஊசி மருந்துத் தட்டைக் கொண்டுவரச் சொன்னாள். நான் அதற்கும் பதில் சொன்னேன். நாசி லெமாக் சோறு சாப்பிட்டாள், அதில் நெத்திலி இருந்தது, ஒருவேளை நெத்திலியாக இருக்கும் என்றேன்.

என் மகள் முகமூடியைக் கையால் தூக்கினாள்.

"ஆறு வயசுலேருந்து இருக்கு டாக்டர்" என்றாள். ஒரு மூச்சு வாங்கினாள். "அம்மாவுக்கும் இருக்கு."

டாக்டர் ஊசி மருந்துத் தட்டை எடுத்துப்போகச் சொன்னாள். முகமூடியை இழுத்துச் சரிசெய்துவிட்டு மகளிடமே மிச்சக் கேள்விகளைக் கேட்டாள், அவள் தலையசைத்தும் விரலைக் காட்டியும் பதில் சொன்னாள். மதியத்துக்குள் மூச்சு சீரானது. பையனின் அம்மா எங்களை வீட்டில் விட்டுவிட்டு, தன் வண்டியை எடுக்க வாடகைக் காரில் மண்டபத்துக்குப் போனார். போகும்போது மகளின் கன்னத்தை மட்டும் தொட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் அமைப்பின் பெண்ணைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். என் வரியை மாற்றச் சொன்னேன். ஒட்டிய போஸ்டர்களை ஒன்றும் செய்ய முடியவில்லை, அதற்குப் பிறகு வந்தவற்றில் எனக்கும் என் மகளுக்கும் ஆஸ்துமா என்று இருக்கிறது. யாரும் என்னை மேடைக்குக் கூப்பிடாமல் போய்விடவில்லை. அப்படிப் பயந்துதான் இருபது வருடத்தை ஓட்டியிருக்கிறேன். இப்போது கல்யாண வீடுகளில் யாராவது ஒரு பெண் என்னைச் சாப்பாட்டுப் பந்திக்குப் பின்பக்கம் கூட்டிப்போய், "எனக்கும் இருக்குக்கா, வெளிய சொல்லிடாதீங்க" என்கிறாள். நான் அவர்களைக் கண்டிப்பதில்லை. அந்தத் தகுதி எனக்கு இல்லை.

விழா முடிந்த அடுத்த வாரக் கடைசியில் சித்தியவானிலிருந்து போன் வந்தது. பையனின் அம்மா.

"இந்தப் பேச்ச இதோட விட்டுடலாம்க்கா" என்றார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. இழுப்பு இருந்தால் அவள் மனுஷி இல்லையா, இந்தக் காலத்திலும் இப்படியா என்று மூச்சு விடாமல் பேசினேன். மேடையில்கூட அவ்வளவு நன்றாகப் பேசியதில்லை. முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

"இழுப்புக்காக இல்லக்கா. பிள்ளை மூச்சுக்குத் தவிக்குது, அப்பவும் டாக்டர்கிட்ட பொய் சொன்னீங்க. நான் நின்னதாலதான சொன்னீங்க? நாளைக்கு எங்க வீட்டுல வச்சு முடியாமப் போனா, எனக்குப் பயந்து பிள்ளையும் மறைக்கும். அந்தப் பாவம் எனக்கு வேணாம்."

போனை வைத்தேன். மகள் வந்து யார் என்று கேட்டாள். அவர் சொன்னதை ஒரு வார்த்தை மாற்றாமல் அப்படியே சொன்னேன். அவள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அவங்க வீட்டுல நான் மறைச்சிருக்க மாட்டேன் மா. உங்களுக்காகத்தான் மறைச்சேன்" என்றாள். பிறகு, "எனக்கு அவர ரொம்பப் பிடிச்சிருந்துச்சு" என்றாள்.

குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் பதிலுக்குக் கத்திச் சமாளித்திருப்பேன்.