தானாகக் குறையும் கோபம்

பஸ் டிப்போவில் டூட்டி சார்ட் போடுகிறவருக்கு ஓட்டுநர்கள் வைத்த பெயர் மந்திரி. எந்த ஓட்டுநருக்கு எந்த வண்டி, யாருக்கு என்றைக்கு ஓய்வு என்று நாள் முழுக்கக் கட்டம் கட்டமாக எழுதி அழிக்கிற உத்தியோகம். காலை ஐந்தரைக்கு ஒருவர் காய்ச்சல் என்று போன் பண்ணுவார். பார்த்துப் பார்த்துப் போட்ட சார்ட் மொத்தமும் பாழ். மேலிடத்திலிருந்து உத்தரவு வரும், காரணம் வராது. கேட்டால், "சொன்னதைச் செய்யுங்க" என்பார்கள்.

இப்படி அல்லாடுகிற மனுஷன் வீட்டுக்கு வந்து என்ன செய்வார்? காலை நீட்டிப் படுப்பார் என்றுதானே நினைப்பீர்கள்? சட்டையைக்கூடக் கழற்றாமல் லேப்டாப்பைத் திறந்து ஒரு ராஜ்யத்தை ஆள உட்கார்ந்துவிடுவார். துப்பாக்கியால் சுடுகிற விளையாட்டு இல்லை. அறுநூறு வருஷத்துக்கு முந்தைய உலகம், முழு வரைபடம். அதில் அவருக்கு மூன்றே மாகாணம். இந்தப் பக்கம் ஒரு பேரரசு, அந்தப் பக்கம் ஒரு பேரரசு. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அதேதான். வரி போட வேண்டும், தளபதிக்குச் சம்பளம் தர வேண்டும், இளவரசிக்கு வரன் பார்க்க வேண்டும்.

"டிப்போல பண்ற அதே வேலையைத்தானே இங்கயும் பண்றீங்க? இதுக்குச் சம்பளம்தான் இல்ல" என்பாள் மனைவி.

"அங்க உலகத்தை நிறுத்த முடியுமா?" என்பார் இவர். எதிரிப் படை எல்லையில் வந்து நிற்கும்போது ஒரு பொத்தானைத் தட்டினால் போதும், குதிரை தூக்கிய காலைக் கீழே வைக்காது. ஆற அமர யோசிக்கலாம். அதைவிட முக்கியம், அங்கே எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு. பக்கத்து ராஜா முறைக்கிறானா? அவன் முகத்தின்மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய் வைத்தால் பட்டியல் விரியும். ஒப்பந்தத்தை மீறினாய், அதற்கு இவ்வளவு கோபம். எல்லை ஊரைப் பிடித்தாய், அதற்கு இவ்வளவு. கீழே இன்னொரு வரி: இந்தக் கோபம் வருஷத்துக்கு இத்தனை புள்ளி தானாகக் குறையும். சும்மா இருந்தால் போதும், பதினைந்து வருஷத்தில் அதே ராஜா பெண் கொடுக்க ஆள் அனுப்புவான். யார் எதற்குக் கோபமாக இருக்கிறார்கள் என்று எழுதியே வைத்திருக்கும் உலகம் வேறெங்கே கிடைக்கும்? மந்திரி சொக்கிப்போனதில் தப்பே இல்லை.

ஆனால் அந்தச் சட்டத்தை அக்காவுக்கும் பொருத்தினார் பாருங்கள், அங்கேதான் புத்தி பிசகியது.

மூன்று வருஷத்துக்கு முன் அக்காவுக்குப் பித்தப்பையில் ஆபரேஷன். அத்தான் காலமாகிவிட்டார், மகன் தொலைதூர நகரத்தில் வேலையில் இருந்தான். மந்திரியின் மனைவி பிறந்த வீட்டுக்குப் போயிருந்தாள். காலை எட்டு மணிக்கு ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுகிறேன் என்று அக்காவிடம் வாக்குக் கொடுத்திருந்தார். லீவும் போட்டாயிற்று. ஏழு மணிக்குக் குளித்துவிட்டு, விளையாட்டில் இன்னும் ஒரே ஒரு வருஷம் ஓட்டிவிட்டுக் கிளம்பலாம் என்று உட்கார்ந்தார். தலைநகரத்தை முற்றுகை போட்டுவிட்டார்கள். நிமிர்ந்தபோது மத்தியானம் மணி இரண்டரை. அடுத்த அறையில் சார்ஜரில் கிடந்த போனில் அக்காவின் அழைப்பு மட்டும் ஒன்பது.

பாவி மனுஷா, அப்போதாவது ஓடியிருக்கலாமே! வெட்கம் காலைக் கட்டிப்போட்டது. எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது என்று அப்படியே உட்கார்ந்துவிட்டார். சாயங்காலம் அக்காவிடமிருந்து ஒரு வரிச் செய்தி: 'நல்லபடியா முடிஞ்சுது.' அவ்வளவுதான், திட்டுகூட இல்லை. கடுங்கோபம் என்று முடிவு கட்டினார். ஆறப்போட்டால் தானாக ஆறிவிடும், ஒரு வருஷம் போகட்டும் என்றார். அது மூன்றாயிற்று. மனைவியிடம் உண்மையைச் சொல்லவில்லை. அக்கா தம்பிக்குள் ஏதோ மனஸ்தாபம் என்று அவளும் விட்டுவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு, துணி உலர்த்திக்கொண்டே மனைவி சொன்னாள்: "உங்க அக்கா வீட்டைக் காலி பண்றாங்களாம். மகன்கிட்டயே போறாங்க, ஒரேயடியா. பதினோரு மணிக்கு லாரி."

மந்திரிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சட்டையை மாட்டினார், கழற்றினார், மறுபடி மாட்டினார். பால்கனிக்கும் சமையலறைக்கும் நடந்தார்.

"நீ முதல்ல ஒரு தடவ போயேன். கொஞ்சம் பழம் வாங்கிட்டுப் போ. மூஞ்சி எப்படி இருக்குன்னு பாத்துட்டு எனக்குப் போன் பண்ணு. அப்புறம் நான் வரேன்."

"நான் என்ன உங்க அரண்மனைத் தூதரா? உங்க அக்கா, நீங்க போங்க."

பழைய டூட்டி சார்ட் ஒன்றைத் திருப்பிப் போட்டு எழுத உட்கார்ந்தார். அக்கா இப்படிக் கேட்டால் இப்படிச் சொல்ல வேண்டும். அழுதால் இது, கதவைச் சாத்தினால் அது. எழுதினதை அடித்தார், அம்புக்குறி போட்டார், புதுசாக ஒரு கட்டம் வரைந்தார்.

மனைவி வந்து தாளைப் பிடுங்கிக் கசக்கினாள். "மணி பத்து இருபது."

வியர்க்க விறுவிறுக்கப் போய்ச் சேர்ந்தபோது வாசலில் லாரி நின்றது. பாதிச் சாமான் ஏறிவிட்டது. அக்கா கூடத்தில் தரையில் உட்கார்ந்து தட்டுகளைப் பழைய பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"அக்கா, அன்னிக்கு நான்..." எழுதி வைத்த பதில்களில் ஒன்றுகூட வாயில் வரவில்லை.

"மயக்கம் தெளிஞ்சதும் நர்ஸ் கேட்டா, கூட யாரும் இல்லையான்னு" என்றாள் அக்கா, பேப்பரை மடித்துக்கொண்டே. "தம்பி இருக்கான், டீ குடிக்கப் போயிருக்கான்னு சொன்னேன். ஆபரேஷனுக்கு உனக்குப் பதிலா கையெழுத்துப் போட்ட பக்கத்து வீட்டம்மாகிட்டயும் அதேதான். என் மகன் கேட்டான். மாமா பூரா நாளும் கூடவே இருந்தான்டான்னேன். உன்ன ஒரு வார்த்தை யாரும் சொல்லிடக் கூடாதுன்னு."

"எம்மேல கோபமே இல்லையாக்கா?"

"கோபமா? என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன்டா. உன் பொண்டாட்டிக்குப் போன் போட்டுக் கேட்டப்புறம்தான் நீ நல்லாத்தான் இருக்கேன்னு தெரிஞ்சுது. சரி, சாயங்காலம் வருவான், நாளைக்கு வருவான்னு பாத்தேன். அப்புறம் பாக்கறத விட்டுட்டேன்." குரல் அங்கே மட்டும் கொஞ்சம் உடைந்தது.

நாற்பத்தைந்து வயது மனுஷன், லாரி ஆட்கள் பார்க்கிறார்கள் என்றுகூட இல்லாமல், தேம்பித் தேம்பி அழுதார். டிரைவர் ஹாரன் அடித்தான்.

"அழுதது போதும். கட்டிலோட அந்தப் பக்கத்தைப் பிடி, அவன் கத்துறான்."

இருவருமாகக் கட்டிலைத் தூக்கிப்போய் ஏற்றினார்கள். அக்கா வீட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்து, டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். மந்திரி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"அடுத்த மாசம் வரேன்க்கா. கண்டிப்பா வரேன்."

அக்கா அவர் விரல்களைக் கம்பியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள்.

"வரேன்னு சொல்லாதடா. வா."