ஜெர்மன் வண்டி மலையிறங்கிய நாள்

காப்பி பூக்கிற வாரத்தில் அந்த வண்டிக்குள் உட்கார்ந்தால் பெட்ரோல் வாசனையும் பூ வாசனையும் கலந்து வரும். கண்ணாடிக்கு வெளியே மூடுபனி. பானட் எங்கே முடிகிறது, ரோடு எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. வண்டி நிற்கிறதா போகிறதா என்றே சில நேரம் சந்தேகம் வந்து, குனிந்து மீட்டரைப் பார்த்துக்கொள்வேன். முள் ஆடினால்தான் போகிறோம் என்று நம்பிக்கை வரும்.

இரண்டு கதவு, தாழ்ந்த உடம்பு, வெளிறிய மஞ்சள் நிறம், இடது பக்கம் ஸ்டியரிங். எழுபதுகளின் நடுவில், பெட்ரோல் விலை ஏறிய சமயத்தில், ஊரைவிட்டுப் போன எஸ்டேட் முதலாளி ஒருவர் அதை எனக்கு விற்றார். ஏற்காடு பஸ் ஸ்டாண்டு பக்கம் பஞ்சர் கடை வைத்திருந்தவனுக்கு ஜெர்மன் கார் எதற்கு என்று ஊரே கேட்டது. நானும் அதையேதான் என்னைக் கேட்டுக்கொண்டேன். அது ஏற்றத்தில் வரும்போது எழுப்புகிற சத்தத்தைச் சில வருஷமாகக் கடையிலிருந்தே கேட்டுப் பழகியிருந்தேன். இரண்டு கார்புரேட்டரும் சேர்ந்து மூச்சு இழுக்கும்; அடித்தொண்டையில் யாரோ பாட்டை முனகிக்கொண்டே மலையேறுகிற மாதிரி இருக்கும். வேறு காரணம் சொல்லத் தெரியவில்லை.

நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். வண்டியோடு வந்த புத்தகம் ஜெர்மன் மொழியில் இருந்தது. அதனால் அந்தப் புத்தகத்துக்கு முன்னால் எனக்கும் படித்தவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லாமல் போயிற்று. எல்லோரும் படம்தான் பார்த்தோம். படம் பார்த்தே வால்வு இடைவெளி வைக்கக் கற்றுக்கொண்டேன். புஷ் என்கிற வளையம் தேய்ந்தால் பழையதைக் காட்டி சேலத்தில் லேத்தில் கடைந்து வாங்கினேன். பனி நாட்களில், பிளக்குகளுக்குக் கரண்டைப் பங்கிட்டு அனுப்புகிற டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ஈரம் ஏறிவிடும். வண்டி இருமிவிட்டு நின்றுவிடும். அதைக் கழற்றி, துணியில் சுற்றி, அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துக் காய வைப்பேன்.

"ஏனுங்க, அடுப்புல தோசை சுடறதா, உங்க மூடியைச் சுடறதா?" என்பாள் என் மனைவி.

அவளுக்கும் வண்டியில் ஒரு வேலை இருந்தது. ஸ்டியரிங் இடது பக்கம் என்பதால் முன்னால் போகும் லாரியைத் தாண்டி எனக்கு ஒன்றும் தெரியாது. வலது சீட்டில் உட்கார்ந்து அவள்தான் எட்டிப் பார்ப்பாள். "வாங்க, வாங்க… ஐயோ வேண்டாம்!" அந்த 'வாங்க'வை நம்பித்தான் பதிமூன்று வருஷம் உயிரோடு இருந்தேன்.

வண்டி வாங்கிய புதிதில் ஒரு நாள் சேர்வராயன் கோயிலிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தோம். இறக்கத்தில் எஞ்சினை நிறுத்தி பெட்ரோல் மிச்சம் பிடிப்பது எங்கள் பக்கத்து டிரைவர்களின் வழக்கம். பழைய ஜீப்புகளில் சாவித் துவாரம் தேய்ந்திருக்கும், குலுக்கலில் சாவி விழுந்து தொலைந்துவிடும் என்று, நிறுத்தியதும் சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வதும் வழக்கம். நானும் அப்படியே செய்தேன். சத்தம் நின்றது. பனிக்குள் பஞ்சில் மிதப்பதுபோல் வண்டி இறங்கியது. அடுத்த வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பினேன். 'கடக்' என்றது. அதன்பின் திரும்பவில்லை. எஞ்சின் ஓடாததால் பிரேக்கும் கல்லாகிவிட்டது. நேராகக் காப்பிச் செடிகளுக்குள் போய், செடிகளே பிடித்து நிறுத்தின. வண்டி உடம்பெல்லாம் வெள்ளைப் பூ. மனைவி தலையிலிருந்து பூவை உதறிக்கொண்டே இறங்கினாள்.

வீட்டுக்கு வந்து புத்தகத்தைப் புரட்டினேன். ஒரு படத்தில் ஒரு சாவி, ஒரு கை, மேலே குறுக்காகச் சிவப்புக் கோடு. சாவியை உருவினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். திருடனுக்காக வைத்த பூட்டு. எத்தனையோ முறை பார்த்த படம்தான்.

எண்பதுகளின் கடைசியில் முன் கண்ணாடியில் ஓரத்திலிருந்து ஒரு கீறல் விழுந்தது. தினமும் காலையில் விரலால் அளந்து பார்ப்பேன். வேறு கண்ணாடி எங்கேயும் கிடைக்கவில்லை. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "வித்துப்போட்டு நிம்மதியா இருங்களேன்" என்றாள் மனைவி.

முதலில் வந்தவர் சேலத்து ஓட்டல்காரர். ஸ்டியரிங் பூட்டு விஷயத்தைச் சொன்னேன். "தானாப் பூட்டிக்குமா? அது காருங்களா, ஜெயிலுங்களா?" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார். இரண்டாவது ஆள் அதைக் கேட்டதும், கொடுத்த காப்பியைக்கூடக் குடிக்காமல் எழுந்துபோனார்.

மூன்றாவதாக வந்தவர் கோயமுத்தூர்க்காரர். சொந்தமாகப் பட்டறை வைத்திருந்தார். அவரிடம் ஏற்கனவே இரண்டு பழைய ஜெர்மன் கார்கள் இருந்தன. கூடவே ஒல்லியான ஒரு டிரைவர். மனைவி என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டாள். "இந்தத் தடவையாவது வாயை மூடிட்டு இருங்க."

"ஏதாச்சும் குறை உண்டுங்களா?" என்று கேட்டார் அவர். மூடி ஈரமாவது, சோக்கை இழுக்கிற விதம், தூக்கிச் சாத்த வேண்டிய கதவு, கண்ணாடிக் கீறல் எல்லாம் சொன்னேன். "வேற ஒண்ணுமில்லீங்க" என்றும் சொன்னேன்.

டிரைவர் ஒரு முறை ஸ்டார்ட் செய்து பார்த்துவிட்டு நிறுத்தினார். சாவியை உருவினார். சட்டைப் பையில் போட்டு, பையை ஒரு தட்டுத் தட்டிக்கொண்டார்.

அதைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே நின்றேன். பணம் கைமாறியது; அவர்கள் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

சேலம் ரோடு இறங்கத் தொடங்கும் இடம்வரை ஓடினேன். கீழே மலை மடிப்புகளுக்குள் சத்தம் மறைந்து மறைந்து வந்தது. ஒரு வளைவு, இன்னொரு வளைவு. பிறகு நின்றுவிட்டது. திரும்ப வரவில்லை. பின்னால் வந்த சேலம் பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி ஏறினேன்.

பஸ் டிரைவர் எனக்குப் பழக்கம். "என்னங்க, வித்த காரை வழியனுப்ப பஸ்ஸுலயா போறது?" என்றார்.

"கொஞ்சம் வேகமாப் போங்க."

"கொண்டை ஊசியில வேகமா? உங்களுக்கு நொம்பத்தான் தைரியம் வந்துருச்சு போங்க!"

ஒவ்வொரு வளைவிலும் தடுப்புச் சுவர் முழுசாக இருக்கிறதா என்று பார்த்தேன். பனி மெலிந்து, சில்வர் ஓக் மரங்கள் பின்தங்கி, மூங்கில் வந்தது. காது அடைத்துத் திறந்தது. பள்ளத்தில் மஞ்சளாக ஏதோ தெரிந்ததும் எழுந்து நின்றுவிட்டேன். கொன்றை மரம். பூத்திருந்தது.

இன்னும் நாலைந்து வளைவு தாண்டி, ரோட்டோரம் வண்டி ஒழுங்காக நின்றுகொண்டிருந்தது. கோயமுத்தூர்க்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். டிரைவர் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். இறங்கி ஓடி, மூச்சு வாங்க எல்லாவற்றையும் கொட்டினேன். முதலிலேயே சொல்லாமல் மறைத்தேன், வேண்டாமென்றால் வண்டியைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்றேன்.

அவர் வாயைத் துடைத்துக்கொண்டார். "அந்தப் பூட்டா? என் ரெண்டு வண்டியிலயும் இருக்குதுங்க. ஓடற வண்டியில எவனுங்க சாவியை உருவுவான்?"

டிரைவர் சிரிக்கவில்லை. "நானு உருவுவேனுங்க" என்றார்.

கோயமுத்தூர்க்காரர் அவரைத் திரும்பிப் பார்த்தார். ஒருவருக்குப் பூட்டு தெரியும், இன்னொருவருக்குப் பழக்கம் தெரியும். இரண்டும் தெரிந்தவன் நான் ஒருவன்தான்; வாயை மூடிக்கொண்டு இருந்தவனும் நான்தான்.

"இன்னைக்கும் கை போச்சுங்க" என்றார் டிரைவர் மெதுவாக. "ரெண்டு தடவை சாவிகிட்டப் போயிருச்சு. ஆனா அந்தச் சத்தம் இருக்குதுங்களே… நிறுத்த மனசு வரலீங்க. அடிவாரம் வரைக்கும் கேட்டுட்டுப் போலாமுன்னு உட்டுட்டேன்."

அவரிடம் சாவியை வாங்கிப் போட்டு, உருவி, ஸ்டியரிங்கைத் திருப்பிக் காட்டினேன். 'கடக்'. டிரைவர் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை முறுக்கிப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"திருப்பி எடுத்துக்கட்டுங்களா?" என்று கோயமுத்தூர்க்காரரிடம் மறுபடியும் கேட்டேன்.

"மறுபடியும் அந்த வளைவெல்லாம் ஏறவா? கும்புடறேனுங்க, ஆளை உடுங்க" என்று ஏறி உட்கார்ந்தார்.

வண்டி கிளம்பியது. சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு மடிப்பில் சத்தம் மறைந்தபோது மூச்சைப் பிடித்துக்கொண்டேன்; மறுபக்கம் வந்துவிட்டது. அது சமவெளிக்குப் போய்ச் சேர்ந்த பிறகும், லாரிகளின் இரைச்சலுக்குள் அதைப் பிரித்துக் கேட்க முடியுமா என்று நின்றதில், மேலே போகிற பஸ் இரண்டை விட்டுவிட்டேன்.