முருகன் வந்தபோது எழுந்து நின்றவர்கள்

ஆலங்குடிப் பக்கத்துச் செல்லமுத்துவுக்குக் கால் ஓரிடத்தில் தரிக்காது; விரல் அதைவிட மோசம். கடலைக் கொல்லையில் களை வெட்டும்போதும் இடுப்பில் புல்லாங்குழல் செருகியிருக்கும். பஜனை மடத்தில் ஊத உட்கார்ந்தால் காவடிச் சிந்தின் துள்ளல் இடையில் புகுந்துவிடும். காவடிக்கு ஊதப் போனால் பஜனை இழுவை வந்து ஒட்டிக்கொள்ளும். கேட்பவர்கள் சிரிப்பார்கள். அவனுக்குச் சிரிப்பு வராது. எங்கே இருந்தாலும் பக்கத்து வீட்டுப் பாட்டு காதை அரித்துக்கொண்டே இருந்தால் மனுஷன் என்னதான் செய்வான்?

அடுத்த குடியிருப்பின் மாதா கோயிலில் பாட்டு எடுத்துக் கொடுப்பவள் இன்னாசியம்மாள். தேர் கிளம்பும்போது எல்லாரும் எழுந்து நின்று பாடும் பாட்டை அவளிடம் கேட்டுக் கற்றுக்கொண்டான்.

ஐம்பத்தாறாம் வருஷம் நாடக செட்டு நடத்திய ரெங்கசாமி அவனைக் கூப்பிட்டார். "திருவிழா நாடகத்துல ஊது. ஒழுங்கா ஊதினா நம்ம செட்டுலயே இருந்துக்கலாம். ஒரே எடமா இருக்கப் பழகு."

செல்லமுத்துவுக்கும் அதுதான் வேண்டியிருந்தது. முப்பது வயதாகியும் இன்ன செட்டு ஆள் என்று சொல்லிக்கொள்ள வழியில்லாதது அவனை உள்ளுக்குள் தின்றுகொண்டிருந்தது.

முருகன் மேடையேறும் கட்டம். செல்லமுத்து கண்ணை மூடிக்கொண்டு ஊதினான். சாமி வருகிறது என்ற நினைப்பில் விரல் தானாக மாதா தேர்ப் பாட்டுக்குப் போய்விட்டது. பின்னால் உட்கார்ந்திருந்த மாதா கோயில் குடியிருப்பு ஜனங்கள் தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பக்தியோடு எழுந்து நின்றார்கள். முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்து, என்னவோ ஏதோவென்று தாங்களும் எழுந்தார்கள். முருகன் வேலும் கையுமாக விழித்தார்.

"முருகன் வர்றாரா, மாதா வர்றாங்களா?" என்றார் ரெங்கசாமி. அதோடு செட்டு போயிற்று.

திரும்பும் வழியில், நாடகம் பார்க்க வந்திருந்த இன்னாசியம்மாள் கூடவே நடந்தாள். அவன் அழுதுவிட்டான். "எனக்குன்னு ஒரு எடம் இல்லயே ஆத்தா."

"நீ எதை வேணா ஊது தம்பி. எந்திரிக்கிறது எங்க பாடு," என்றாள்.

பிறகும் அவன் அடங்கவில்லை. கல்யாண பேண்டு செட்டு, சினிமா மெட்டு என்று அங்கிட்டும் இங்கிட்டும் அலைந்தான். எதிலும் ஒரு வருஷம் நிலைக்கவில்லை.

அறுபத்துமூன்றாம் வருஷம் இன்னாசியம்மாள் இறந்துபோனாள். அவள் மகன் வந்து நின்றான். "அம்மா அடக்கத்துக்கு ஒங்களத்தான் ஊதச் சொல்லிட்டுப் போச்சு. வாங்கண்ணே."

மாதா பாட்டைத்தான் ஊத வேண்டும் என்று வழியெல்லாம் விரலை மிரட்டிக்கொண்டே போனான். பெட்டியைக் குழியில் இறக்கினார்கள். குழலை உதட்டில் வைத்தான். வந்தது, அன்றைக்கு மேடையில் ஊதத் தவறிய முருகன் பாட்டு.

பாதியில் தெரிந்து நிறுத்தப் பார்த்தான். யாரும் திரும்பவில்லை. தலைத்துண்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எல்லாரும் ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தார்கள். அவன் கடைசிவரை ஊதினான்.