ஜோடிக் கணக்கு

மண் வெட்டும் வேலையில் ஆள் கணக்கு கிடையாது. ஜோடிக் கணக்குதான். ஆண் வெட்டுவான், பெண் சுமப்பாள். எஸ்டிமேட் போடுகிறவனுக்கு இரண்டு பேரும் சேர்ந்து ஒன்று. எங்கள் பக்கம் பெரும்பாலும் புருஷனும் பெண்டாட்டியும்தான் ஜோடியாக நிற்பார்கள். கல்யாணமானதிலிருந்து நானும் என் வீட்டுக்காரியும் அப்படித்தான் நின்றோம். நான் கடப்பாரை போடுவேன், அவள் மண்சட்டியைத் தலைக்கு ஏற்றுவாள்.

கிணத்துக்கடவுக்குப் பக்கத்தில் தென்னந்தோப்பை அழித்து ஒரு குடோன் கட்டினார்கள். பெரிய குழிகளை ஜேசிபி வெட்டிவிட்டது. காம்பவுண்டு ஓரமாகக் கரண்டுக் கம்பி தாழ்வாகப் போனதால் அங்கே மெஷினை விட முடியவில்லை. அந்த ஓரத்துக் குழிகளுக்கு எங்களைக் கூப்பிட்டார்கள்.

எஸ்டிமேட் போடும்போது ஒரே ஒரு இடத்தில் தோண்டிப் பார்த்திருக்கிறார்கள். அதுவும் சொட்டுநீர் விழுந்து ஊறிக் கிடந்த ஒரு தென்னையின் அடி. மண் பொலபொலவென்று வந்திருக்கிறது. அதை வைத்து எல்லாக் குழிக்கும் மெது மண் என்று எழுதி, ஒரு ஜோடி ஒரு நாளைக்கு இவ்வளவு வெட்டலாம் என்று போட்டுவிட்டார்கள். நாங்கள் நின்ற ஓரத்தில் முழங்கால் ஆழத்துக்குக் கீழே சுக்கான் பாறை. கடப்பாரை போட்டால் கைதான் அதிர்ந்தது.

மேஸ்திரியைக் கூட்டிவந்து காட்டினேன்.

"பாறைதானுங்க. எனக்குக் கண்ணு தெரியாதா?" என்றார். "எஸ்டிமேட்ல மண்ணுன்னு போட்டிருக்குதே."

"அப்ப எஸ்டிமேட்டக் கொண்டாந்து குழிக்குள்ள எறக்குங்க. அதே வெட்டட்டும்."

மேலே நின்றிருந்த என் வீட்டுக்காரி சிரித்தாள். "அது வெட்டுனா நான் அள்ளிப்போடறனுங்க மேஸ்திரி" என்றாள்.

இன்ஜினியர் சின்னப் பையன். பாறை என்று அவனுக்கும் தெரியும். மேல் ஆபீசுக்கு எழுதியிருக்கிறேன், மாற்றிவிடுவார்கள், அதுவரைக்கும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்றான். எதுவரைக்கும் என்று அவனாலும் சொல்ல முடியவில்லை.

பாறையைக்கூட விடுங்கள். தேய்ந்தால் என் கை. அந்த சைட்டில் பெண்கள் ஒதுங்க இடமில்லை. அதுதான் என் ஆத்திரம். நாங்கள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வோம். அவர்கள் எங்கே போவார்கள்? இருந்த மரத்தையெல்லாம் சாய்த்து, ரோட்டில் போகிற பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவன்கூடப் பார்க்கிற மாதிரி வெட்டவெளியாக்கி வைத்திருந்தார்கள். அதனால் அவள் காலையில் வீட்டில் ஒரு வாய் காப்பி குடிப்பதோடு சரி. சாயங்காலம் வீடு சேரும்வரை தண்ணீரைத் தொட மாட்டாள். அங்கே வந்த எல்லாப் பெண்களும் அப்படித்தான். எந்த சைட்டுக்குப் போனாலும் இதே வழக்கம்தான். யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை.

தண்ணீர் இல்லாமல் இல்லை. நிழலில் கேன் கேனாக இருந்தது. "வெயிலுக்கு நல்லா குடிங்கம்மா" என்று அந்த இன்ஜினியர் பையன் தினமும் சொல்வான். "சரிங்க தம்பி" என்று சொல்லிவிட்டுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள்.

சித்திரை வெயிலில் அவளுக்கு நீர்க்கடுப்பு வந்தது. இளநீர் வாங்கித் தரட்டுமா என்றேன். "குடிச்சுப்போட்டு எங்க போறதாமா, உங்க தலைமேலயா?" என்றாள். நடை தளர்ந்தது. கொட்டும் இடத்துக்குப் போகிற வழியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். நான் வெட்டிப் போட்டது குவிந்தது. வேலை பின்தங்கியது பாறையால். ஆனால் பார்க்கிறவன் கண்ணுக்குக் குவிந்து கிடக்கிற மண்ணும் நிற்கிற பொம்பளையும்தானே தெரியும்.

மேஸ்திரி என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "அம்மணிய ஊட்ல நிறுத்திப்போட்டு வேற ஆளச் சேத்திக்கலாமுங்களா? மேல கேக்கறாங்க."

அவள் காதில் விழுந்துவிட்டது. சாயங்காலம் வீட்டு வாசலில் வந்து நின்று சொன்னாள்: "உங்க மண்ண வேறொருத்தி அள்ளறதா? நான் நல்லாத்தான் இருக்கறனுங்க மாமா."

மறுநாள் ஓட்டமும் நடையுமாகச் சுமந்தாள். "என்ன அம்மணி, இன்னிக்கு மோட்டாரு வெச்சாப்ல இருக்குது" என்றார் மேஸ்திரி. "மோட்டாருக்கும் டீசல் ஊத்தோணுமுங்க" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அன்றும் அவள் ஒரு சொட்டுக் குடிக்கவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மத்தியான வெயிலில் நின்று, "குளிருது மாமா" என்றாள். உடம்பு தூக்கிப்போட்டது.

பொள்ளாச்சி ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுக் கோயமுத்தூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். நீர்க்கடுப்பு கிட்னிக்குப் போய், அங்கிருந்து ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார் டாக்டரம்மா. "இத்தன நாளா என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்று கேட்டார்.

"மண்ணு வெட்டிட்டிருந்தமுங்க" என்றேன். வேறென்ன சொல்வது?

மூத்திரம் போகக் குழாய் வைத்துக் கட்டிலோரம் ஒரு பை தொங்கவிட்டார்கள். அவள் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். "மாமா, படுத்த எடத்துலயே போலாமாமா. ஒருத்தரும் பாக்க மாட்டாங்களாமா. ராசாத்தியாட்ட இருக்குது." சிரிக்க வேறு செய்தாள். அதற்குப் பிறகு அவள் பேசியது எதுவும் எனக்குப் புரியவில்லை. நினைவு தப்பி, அப்படியே போய்விட்டாள்.

பாறை என்று மேல் ஆபீசில் ஒப்புக்கொண்டார்களாம். கரண்டைக் கொஞ்ச நேரம் நிறுத்தச் சொல்லி, மெஷினை விட்டு, மீதிக் குழிகளை ஒரே காலையில் உடைத்துவிட்டார்களாம். கருமாதிக்கு வந்த மேஸ்திரி நல்ல சேதி சொல்கிற மாதிரி இதைச் சொன்னார்.

அந்த இன்ஜினியர் பையனும் வந்திருந்தான். அவள் எதனால் போனாள் என்று கேட்டான், சொன்னேன். "சொல்லியிருந்தா சைட் ஆபீஸ் பாத்ரூம் சாவியக் குடுத்திருப்பனுங்களே" என்றான்.

"அத்தன ஆம்பளைங்க நிக்கறப்ப, உங்க வயசுப் பையன்கிட்ட வந்து உங்கம்மா அந்தச் சாவியக் கேப்பாங்களா தம்பி?"

அவன் அழுதான். நல்ல பையன்தான். கெட்டவனாக இருந்திருந்தால் நாலு அறை விட்டிருப்பேன்.

அடுத்த வாரம் மேஸ்திரி போன் செய்தார். காரமடைப் பக்கம் வேலை இருக்கிறதாம், எனக்குச் சேர்ந்து செய்ய ஒரு அம்மா தயாராக இருக்கிறார்களாம்.

"வரலீங்க" என்றேன்.

"ஒத்தையா என்னங்க பண்ணுவீங்க?" என்றார். குத்திக் காட்டவில்லை. நிஜமாகவே கேட்டார்.

"தெரியலீங்க" என்றேன்.