லென்ஸ் கேட்டேன், ஐஸ் கொடுத்தார்

நம் அன்பிய செபக்கூட்டத்து உறவுகளே, ஆண்டவர் எனக்குச் செய்ததை உங்களிடம் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை. போன வாரமே சொல்லியிருக்க வேண்டும், அழுகை வந்துவிட்டது. இன்று சொல்லிவிடுகிறேன்.

நான் ஸ்டெல்லா. கடலூர் முதுநகரில் மீன் விற்கிற வீட்டுப் பெண். போன வருஷம் தவக்காலத்தில் என் வீட்டுக்காரர் படகில் வழுக்கி விழுந்து தோள்பட்டை முறிந்தது. இனி கடலுக்குப் போகக்கூடாது என்றார் டாக்டர். மனிதர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர்தான், யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. வீட்டுக்கு இருந்த ஒரே பிடிப்பு, பள்ளி ஆபீஸில் எனக்கிருந்த தற்காலிக வேலை. ஜூனுக்குள் டிகிரி முடித்துக் காட்டினால் நிரந்தரம், இல்லையென்றால் வேறு ஆள் என்று தலைமை சிஸ்டர் சொல்லிவிட்டார்.

நான் படித்தது பி.எஸ்சி. கணக்கு. எல்லாப் பேப்பரும் முடித்து, துணைப்பாடமான இயற்பியலில் செய்முறைத் தேர்வு மட்டும் பாக்கி. முதல் தடவை நிறைமாதம், போக முடியவில்லை. இரண்டாம் தடவை பக்கத்துப் பெண்ணின் ரீடிங்கைப் பார்த்து எழுதி மாட்டிக்கொண்டேன். ஆமாம், வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் உண்மை. மூன்றாவதுதான் கடைசி வாய்ப்பு. தவறினால் படித்த மூன்று வருஷமும் போச்சு.

எனக்கு வெப்பக் கணக்கு என்றாலே பயம். அதனால் ஆண்டவரிடம் தெளிவாகவே கேட்டேன், லென்ஸ் சோதனை வரட்டும், வெப்பக் கணக்கு போட வேண்டிய ஐஸ் சோதனை மட்டும் வேண்டாம் என்று. நீங்களும் வீடு வீடாக லென்ஸுக்குத்தான் செபித்தீர்கள். லென்ஸ் என்றால் என்னவென்று தெரியாதவர்கள்கூட செபித்தீர்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை சிதம்பரம் பஸ் ஏறினேன். புதுச்சத்திரம் வருவதற்குள் செபமாலை முடிந்தது. கல்லூரி லேபில் குலுக்கல் சீட்டு எடுத்தேன். பிரித்தால், பனிக்கட்டியின் உள்ளுறை வெப்பம். எனக்கு ஆண்டவர் மேல் கோபமே வந்துவிட்டது. இதைத்தானே வேண்டாம் என்றேன்?

வேறு வழியில்லை, ஆரம்பித்தேன். கலோரிமீட்டர் என்கிற செம்புப் பாத்திரத்தை எடை போட்டு, வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, வெப்பநிலை குறித்து, தட்டில் இருந்த ஐஸ் துண்டுகளைப் போட்டுக் கலக்கினேன். பிறகு கணக்கு. தண்ணீரும் பாத்திரமும் இழந்த வெப்பம் ஒரு பக்கம். ஐஸ் உருக எடுத்தது, உருகிய தண்ணீர் சூடேற எடுத்தது, இரண்டும் மறுபக்கம். அந்த இரண்டாவதைத்தான் எப்போதும் விட்டுவிடுவேன். அன்று விடவில்லை. ஆனாலும் விடை அறுபத்து மூன்று. வர வேண்டியது எண்பது. மூன்று தடவை போட்டுப் பார்த்தேன், அதே அறுபத்து மூன்று.

பக்கத்து மேசைப் பெண் எட்டிப் பார்த்தாள். "அக்கா, எண்பது வர்ற மாதிரி ரீடிங்க மாத்திப் போட்டுக்குங்க. எல்லாரும் அப்படித்தான் போடுறாங்க."

என் கை ரப்பரை எடுத்துவிட்டது. பொய் சொல்ல மாட்டேன், எடுத்துவிட்டது. போன தடவை தலைகுனிந்து வெளியே வந்தது ஞாபகம் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு, "ஆண்டவரே, நான் எங்க தப்பு பண்ணேன்னு மட்டும் காட்டும்" என்று கேட்டேன். அவ்வளவுதான் என் செபம்.

கண்ணைத் திறந்து பார்க்கிறேன், நான் பிடித்திருந்த தாள் ஈரத்தில் ஊறிக் கிடக்கிறது. தட்டில் மிச்சமிருந்த ஐஸ் உருகி வழிந்த தண்ணீர். உடம்பு சிலிர்த்துவிட்டது. எங்கள் துறைமுகத்தில் ஐஸைக் கூடையில் போட்டு, தண்ணீர் வடிந்த பிறகுதான் எடை பார்ப்போம். வடிக்காமல் எடை போட்டால் அங்கே சண்டைதான். நானோ ஒற்றி எடுக்காமல், சொட்டச் சொட்டப் போட்டிருக்கிறேன். ஏற்கெனவே உருகிவிட்ட தண்ணீர் மறுபடி உருக வெப்பம் எடுக்குமா? அதையும் ஐஸ் கணக்கில் சேர்த்திருக்கிறேன், விடை குறையாமல் என்ன செய்யும்?

ஓடினேன் தேர்வாளரிடம். "சார், ஐஸ ஈரத்தோட போட்டுட்டேன். இன்னொரு வாட்டி செஞ்சுக்கட்டுமா?"

"அரை மணி நேரம்தான் இருக்கு. முடிப்பீங்களா?"

"முடிச்சிருவேன் சார்."

"பழைய ரீடிங்க அழிக்காதீங்க. ஒரு கோடு போட்டு அடிச்சிட்டுச் செய்யுங்க."

ஒவ்வொரு துண்டையும் ஒற்றுத்தாளில் புரட்டி, சட்டென்று உள்ளே போட்டேன். கலக்கும்போது உதடு செபித்துக்கொண்டே இருந்தது. விடை எழுபத்தெட்டு. மணி அடிக்க இரண்டு நிமிடம் இருந்தது. முதல் விடை ஏன் குறைந்தது என்று சார் கேட்டார், துறைமுகக் கதையையும் சேர்த்தே சொன்னேன். சிரித்தபடி கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்து வீட்டுக்காரருக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன்.

"ஐஸ்ல தண்ணி வடிக்க மறந்தியா? நீயா?" என்று சிரித்தார். விழுந்த நாளிலிருந்து அவர் சிரித்து நான் கேட்டதில்லை. கல்லூரி வாசலில் நின்று அழுதேன்.

மே மாதம் ரிசல்ட் வந்தது, பாஸ். ஜூனில் வேலை நிரந்தரமானது. அவரும் இப்போது மீன் ஏலக்கூடத்தில் எடைத் தராசுப் பக்கம் உட்காருகிறார்.

ஆண்டவருக்கு நன்றி, உங்களுக்கும் நன்றி. லென்ஸ் வந்திருந்தால் பாஸ் ஆகியிருப்பேனோ என்னவோ, ஆனால் பயந்த பெண்ணாகவேதான் இருந்திருப்பேன். உங்களில் யாராவது கேட்டது கிடைக்காமல் அவர் மேல் கோபமாக இருந்தால், அந்தக் கோபத்தோடேயே அவரிடம் பேசுங்கள். நான் அப்படித்தான் பேசினேன், கேட்டார்.