பின்வாங்காத பல்

லோடு லாரி எதிரே வந்தால் நீங்கள் டிரைவரைப் பார்ப்பீர்கள், பின்னால் எழுதியிருக்கும் வாசகத்தைப் படிப்பீர்கள். எங்கள் தொழிலில் இருப்பவர்கள் லோடை எப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்றுதான் பார்ப்போம். சைக்கிள் கேரியரில் அரிசி மூட்டையை வைத்து, சுற்றிச் சுற்றிக் கட்டி, பல்லைக் கடித்து முடிச்சுப் போட்டு, அடுத்த தெரு திரும்புவதற்குள் மூட்டை ஒரு பக்கம் சாய, இறங்கி நின்று கயிற்றைத் திட்டியவரா நீங்கள்? அப்படியானால் நாம் சொந்தக்காரர்கள்.

2004லிருந்து 2006 வரைக்கும் இடையஞ்சாவடி ஓரத்தில் ஒரு பட்டறையில் வேலை செய்தேன். லோடு கட்டுகிற பெல்ட் தைக்கிற பட்டறை. முதலில் தைத்தேன். பிறகு தைத்ததைப் பையில் போட்டுக்கொண்டு மரக்காணம் வரைக்கும் போய் விற்றேன். அப்போது பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

முடிச்சு எங்கே?

அதற்கு முன்னால் பொம்மையார்பாளையத்தில் வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தேன். பட்டறைக்காரர் தனபால் அண்ணன் லாரி ஷெட்டில் ஃபிட்டராக இருந்து சொந்தத் தொழிலுக்கு வந்தவர். சேர்ந்த அன்றைக்கே கை நிறையக் கனக்கிற ஒரு இரும்புச் சாமானை என்னிடம் கொடுத்தார். ஒரு அச்சு, அதன் இரண்டு பக்கமும் பல்சக்கரம், பல்லுக்குள் வந்து விழுகிற ஒரு நாக்கு, ஆட்டுவதற்கு ஒரு கைப்பிடி. ராட்செட் என்றார்; பெல்ட்டைப் பிடிக்கிற பக்கிளில் அது ஒரு வகை. பெல்ட்டை அச்சில் நுழைத்துக் காட்டினார். "முடிச்சு எங்கண்ணே போடணும்?" என்று கேட்டேன். அவர் என்னை வெளியே கூட்டிக்கொண்டு போனார்.

சரிவில் ஒரு பழைய டிராக்டர் டிரெய்லர் நின்றது. மேட்டில் இருந்த முந்திரி மரத்துக்கும் அதற்கும் நடுவில் பெல்ட்டை மாட்டி, கைப்பிடியை ஆட்டச் சொன்னார். ஆட்டினேன். துணி மாதிரி தொங்கிய பெல்ட் பலகை மாதிரி ஆனது. இன்னும் ஆட்டினேன். டிரெய்லர் மேட்டைப் பார்த்து நகர்ந்தது. ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்த கையால் நகர்ந்தது. பயந்துபோய்க் கையை எடுத்துவிட்டேன். நாக்கு பல்லில் உட்கார்ந்திருந்தது. டிரெய்லர் வந்த இடத்திலேயே நின்றது. பெல்ட்டை விரலால் சுண்டினால் விம்மென்று சத்தம் வந்தது. அந்தச் சத்தம் அடங்குகிற வரைக்கும் நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

தனபால் அண்ணன் சொன்னார்: "முன்னாடி போனது போனதுதான். பின்னாடி வரணும்னு அதுவே நினைச்சாலும் அந்த நாக்கு விடாது. இந்தக் குணம் எனக்கு இருந்திருந்தா நான் எப்பவோ பணக்காரன் கலா."

சாக்பீஸ் கோடு

விற்பனைக்குப் போய்க்கொண்டிருந்த ஆள் சென்னையில் வேலை கிடைத்துப் போய்விட்டார். "தைக்கிறவளுக்குத் தெரியாததா, நீயே போய்ச் சொல்லு" என்று என்னை அனுப்பினார்கள். மரக்காணத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, உப்பளத்து லோடு ஏற்றுகிற இடத்துக்குப் போனேன். அங்கே லோடுமேன்களுக்கு மேஸ்திரி கோவிந்தன். அவர் கயிறு கட்டுவதைப் பார்க்க டிக்கெட் போடலாம். தார்ப்பாய் மேல் கயிற்றை வீசினால் எந்தக் கொக்கியில் விழ வேண்டுமோ அதில் போய் விழும். என் பையைத் திறந்து காட்டினேன். அவருடைய ஆட்கள் சிரித்தார்கள். லாரி டிரைவர் அந்தோணி மட்டும் சிரிக்கவில்லை. நடுரோட்டில் மூட்டை விழுந்து, அதைப் பொறுக்கி ஏற்றியவர் அவர்.

லாரியின் முன்பாதிக்கு என் பெல்ட், பின்பாதிக்கு மேஸ்திரி கயிறு என்று முடிவானது. பெல்ட்டை இறுக்கியதும், அது அச்சுக்குள் நுழைகிற இடத்தில் தையல் சாக்பீஸால் ஒரு கோடு போட்டேன். லாரி திண்டிவனத்துக்குப் போனது. நான் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தேன், சாப்பிட முடியவில்லை.

சாயங்காலம் அந்தோணி வந்து, நடந்ததை நடந்த மாதிரியே சொன்னார். பாதி வழியில் நிறுத்திப் பார்த்தாராம். குலுங்கிக் குலுங்கி மூட்டைகள் அமுங்கிப்போயிருந்தன. அதனால் கயிறும் தளர்ந்திருந்தது, பெல்ட்டும் தளர்ந்திருந்தது. என் முகம் விழுந்துவிட்டது. "இருங்கக்கா, சொல்லிட்டிருக்கேன் இல்ல. மூட்டைதான் உட்கார்ந்துச்சு, பெல்ட்டு வழுக்கல. உங்க கோடு போட்ட இடத்துலயே இருந்துச்சு. கைப்பிடிய ஆட்டினேன், பழையபடி இறுகிடுச்சு. கயித்தை முழுசா அவுத்துக் கட்டினேன்." கோவிந்தன் அண்ணன் ராட்செட்டை வாங்கிக் காதோரம் வைத்து, மெதுவாக ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

"கயிறு என் பேச்சைக் கேட்கும்மா. இது எவன் பேச்சையும் கேட்காது போலிருக்குதே."

பிடித்தது விடவில்லை

அது எவன் பேச்சையும் கேட்காது என்பது கொஞ்ச நாளில் எனக்கே தெரிந்தது. உப்புத் தண்ணீர் சொட்டச் சொட்ட ஓடுகிற லாரி, பற்றாததற்குக் கடல் காற்று. ஒருநாள் அந்தோணி புதுச்சேரியில் ஒரு கடை வாசலிலிருந்து போன் செய்தார். ராட்செட் துருவேறி இறுகிவிட்டது. நாக்கைத் தூக்க முடியவில்லை. லோடு இறக்க முடியாமல் லாரி தெருவையே அடைத்துக்கொண்டு நிற்கிறது.

நான் போய்ச் சேர்ந்தபோது ஒருவர் கத்தியோடு நின்றார். இறுகின பெல்ட்டை அறுத்தால் சாட்டை மாதிரி வீசும், கண் போய்விடும் என்று சொல்லித் தடுத்தேன். மண்ணெண்ணெய் ஊற்றினேன், தட்டினேன், கெஞ்சினேன் என்றும் சொல்லலாம். அசையவில்லை. பிறகுதான் யோசனை வந்தது. பெல்ட் இறுக்கமாக இருக்கிற வரைக்கும் பல் நாக்கை அழுத்திக்கொண்டுதானே இருக்கும்? பெல்ட்டுக்கு அடியில், ஓரத்தில் இருந்த ஒரு மூட்டையை மட்டும் ஆட்களை விட்டு உருவி எடுக்கச் சொன்னேன். பெல்ட் தொய்ந்தது. நாக்கு நல்ல பிள்ளையாக எழுந்து வந்தது. அதற்குப் பிறகு துத்தநாகம் பூசிய பக்கிள்தான் கடலோரத்துக்குக் கொடுத்தோம்; தினமும் நல்ல தண்ணீரில் அலசச் சொன்னோம். அன்றைக்கு அந்தக் கடைக்காரர், வெயிலில் நின்று நின்று முகம் கறுத்திருந்தவர், கோபமே இல்லாமல் சொன்னார்:

"பிடிக்கும்னு சொல்லி வித்தீங்க. விடுமான்னு நாங்களும் கேட்கல, நீங்களும் சொல்லல."

படகு வந்த வழி

அந்த டிசம்பரில் கடல் ஊருக்குள் வந்தது. அதைப் பற்றி எழுத எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு குப்பங்களுக்கெல்லாம் லாரியில் புது ஃபைபர் படகுகள் வந்தன. ஃபைபர் படகைக் கட்டுவது பெரிய வில்லங்கம். கயிறு வழுக்கும், ராட்செட்டை வேகத்தில் ஒரு பல் அதிகம் ஆட்டிவிட்டால் விளிம்பு விரிசல் விடும். அதற்காகத் தனபால் அண்ணன் வேறு ஒரு பக்கிளை எடுத்துக் கொடுத்தார். கேம் பக்கிள் என்பார்கள். இதில் கைப்பிடி கிடையாது. சின்னச் சின்னப் பல் வெட்டிய ஒரு இரும்புக் கட்டை, ஸ்பிரிங்கில் ஆடிக்கொண்டிருக்கும். கையால் இழுத்தால் பெல்ட் உள்ளே போகும். அது நழுவி வெளியே வரப் பார்த்தால், அந்த நழுவலே கட்டையை உருட்டி இன்னும் அழுத்தும். தப்பிக்க எவ்வளவு இழுக்கிறதோ, அவ்வளவு கடிக்கும். இதை முதலில் புரிந்துகொண்ட அன்றைக்கு வீட்டில் சோறு போடும்போதுகூட அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

எக்கியார்குப்பத்துக்கு ஒரு படகை அந்தோணி லாரியில் கொண்டுபோனோம். படகுக்காரர் செல்வம், கரையில் கட்டிப்போட்டிருந்த பழைய படகைக் கடலுக்குக் கொடுத்தவர், முன்னால் உட்கார மறுத்துவிட்டார். பின்னால் ஏறி, படகின் பக்கத்தில் உட்கார்ந்து, வழி முழுக்க ஒரு கையை அதன் மேலேயே வைத்திருந்தார். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு மாடு குறுக்கே வந்து அந்தோணி பிரேக் அடித்தபோது, நான் திரும்பிப் பார்த்தேன். செல்வம் சரிந்து விழுந்திருந்தார். படகு ஒரு விரல்கடை நகரவில்லை. ஊர் வந்ததும் நான் ஏறிப் பக்கிளின் மேல் கை வைத்தேன். அவருடைய மனைவி கீழே நின்றிருந்தார். சுற்றிலும் ஆட்கள் இறக்கத் தயாராக இருந்தார்கள். செல்வம் என் கையை மெதுவாகத் தடுத்தார்.

"கொஞ்ச நேரம் அவுக்காதீங்க. கட்டுன கட்டுல ஒரு படகு நிக்கிறதை நான் பார்த்துக்கிறேன்."

டக்

கோடை மழை பெய்து கரையெல்லாம் ஊறியிருந்த ஒரு காலை. பக்கிள்களைப் பார்த்து எண்ணெய் விடலாம் என்று உப்பளத்துக்குப் போயிருந்தேன். பாத்திகளுக்கு நடுவிலிருந்த கரையில் அந்தோணியின் லாரி முழு லோடோடு நின்றது. கோவிந்தன் அண்ணன் பாத்திப் பக்கம் இறங்கி நின்று தார்ப்பாய் நுனியை இழுத்துக்கொண்டிருந்தார். சத்தமே இல்லாமல் கரை இளகி, அந்தப் பக்கத்துச் சக்கரங்கள் உள்ளே போயின. லாரி சாய்ந்தது. விலகப் பார்த்தவரின் கால் முழங்காலுக்குக் கீழே லாரியின் பக்கப் பலகைக்கும் சேற்றுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. லாரி அதோடு நிற்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக அவர் மேல் சாய்ந்துகொண்டே இருந்தது.

ஆட்கள் தோள் கொடுக்க ஓடினார்கள். அத்தனை டன்னுக்குத் தோள் என்ன செய்யும்? கரையின் மறுபக்கம், லாரி சாயாத பக்கம், தண்ணீர் இறைக்கிற மோட்டாருக்குப் போட்ட கான்கிரீட் தூண் இருந்தது. என் பையில் பெரிய ராட்செட் இரண்டு இருந்தன. அந்தோணி மேட்டுப் பக்கமாக ஏறி, லாரியின் மேல் சட்டத்தில் கொக்கிகளை மாட்டினார். நான் தூணைச் சுற்றி மாட்டினேன். அவர் ஒன்று, நான் ஒன்று, ஆட்ட ஆரம்பித்தோம். பெல்ட் நிமிர்ந்தது. விறைத்தது. விம்ம ஆரம்பித்தது. லாரி ஒரு முனகல் முனகி நின்றது.

பக்கிள் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். கொக்கிக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் இருந்த தையல் என் தையல். அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ராட்செட்டைப் பூட்டிவிட்டால் கையை எடுத்துவிடலாம், எத்தனை பேருக்கு அதைச் சொல்லி விற்றிருக்கிறேன். அன்றைக்கு எடுக்க மனசு வரவில்லை. சாய்ந்த பக்கம் ஆட்கள் மண்வெட்டி வேண்டாம் என்று கையாலேயே சேற்றை அள்ளினார்கள். நடுவில் ஒருமுறை லாரி மறுபடி இளகியது. பெல்ட் நீண்டதே தவிர, பல் ஒன்றுகூடப் பின்னால் போகவில்லை. நீண்ட அளவுக்கு நாங்கள் மறுபடி ஆட்டி ஏற்றினோம். டக். ஆட்கள் அள்ளினார்கள். டக். அள்ளினார்கள். பிறகு யாரோ "வந்துட்டாரு" என்றார்கள். அவரைக் கரைக்கு இந்தப் பக்கம் தூக்கிக்கொண்டு வந்து படுக்கவைத்தார்கள். கால் உடைந்திருந்தது. உதடெல்லாம் உப்பு. வண்டி வருகிற வரைக்கும் நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுச் சொன்னார்:

"எனக்கு மேல எதுவும் தெரியலம்மா. டக்குன்னு சத்தம் மட்டும் கேட்டுச்சு. அது கேக்குற ஒவ்வொரு தபாவும், சரி, இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாம்னு நினைச்சேன்."

தேயாத பல்

கோவிந்தன் அண்ணன் கால் கூடி, 2006இல் திரும்ப வேலைக்கு வந்தார். கொஞ்சம் சாய்த்து நடப்பார், அவ்வளவுதான். அதற்கு முன்னாலேயே அந்த இரண்டு ராட்செட்டையும் பட்டறைக்கு எடுத்து வந்துவிட்டேன். அந்த மாதிரி இழுவை பட்டதை மறுபடி விற்கக் கூடாது. தனபால் அண்ணன் ஒன்றை மேஜை மேல் வைத்து ஒவ்வொரு பாகமாகப் பிரித்தார். அச்சு லேசாக வளைந்திருந்தது. என் தையலில் ஒரு வரிசை அறுந்து, மற்ற வரிசைகள் தாங்கியிருந்தன. அறுந்த நூலை விரலால் தடவிப் பார்த்தேன். நாக்கை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். கட்டைவிரல் அகலம்கூட இல்லாத ஒரு தகடு. நுனி மழுங்கவில்லை. பல்லில் ஒரு கீறல் இல்லை.

அண்ணன் அதை உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார். பிறகு, எனக்குச் சொல்கிற மாதிரியும் இல்லாமல் தனக்குச் சொல்கிற மாதிரியும் இல்லாமல் சொன்னார்: "இதை எவன் யோசிச்சான்னு தெரியல. எங்கேயோ உட்கார்ந்து யோசிச்சிருப்பான். மரக்காணம்னு ஒரு ஊரு இருக்குதுன்னே அவனுக்குத் தெரிஞ்சிருக்காது."

இவ்வளவையும் பார்த்துவிட்டு வந்த நான், என்ன வேலை பார்த்தீங்க என்று யாராவது கேட்டால் "பெல்ட் வித்தேன்" என்றுதான் சொல்கிறேன்; உடனே அவர்கள் இடுப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "எங்ககிட்ட இருக்குதுங்க" என்று நகர்ந்துவிடுகிறார்கள்.