வெள்ளைச் சுவரும் வெளியே தாளித்த ரசமும்

வேலம்பாளையத்துப் பனியன் கம்பெனி ஒன்றில் கீதாஞ்சலி செக்கிங் வேலை பார்க்கத் தொடங்கிப் பதினான்கு வருஷமாகிறது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற ஆள். ஊசிமுனை ஓட்டையோ, மிளகளவு எண்ணெய்க் கறையோ அவளைத் தாண்டிப் பெட்டிக்குள் போனதில்லை. அந்தக் கண்ணைக் கம்பெனியிலேயே வைத்துவிட்டு வந்திருந்தால் வீட்டில் ஒரு வம்பும் இல்லை.

வீட்டில் சமையல் அவள் புருஷன் அருள்குமார்தான். சாயப்பட்டறையில் காலை ஷிப்ட் முடித்து மூன்று மணிக்கே வந்துவிடுவான். அவள் வர ஏழாகும். அவன் ரசத்துக்குக் கடுகு, வரமிளகாய் தாளித்துக் கொட்டினால் தெருமுனைக்கே மணக்கும். நாளெல்லாம் நின்ற கால்வலியை அவள் மறப்பது அந்த ரசத்தில்தான்.

சொந்தமாகக் கட்டிய வீட்டில் சமையலறைக்கு வந்தது வினை. கைபேசியில் ஒரு படம் வைத்திருந்தாள். பளபளப்பில்லாத வெள்ளைச் சுவர், கதவில்லாத மரப்பலகைகள், மேலே இரண்டு கோப்பையும் ஒரு செடியும். அந்த வீட்டில் சோறு தின்கிறார்களா என்றே சந்தேகம்! மேஸ்திரி பொங்கியண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். பக்கத்திலேயே பனியன் துணி வெட்டுகிற கட்டிங் ஷெட் இருக்கிறது, பஞ்சு பறக்கும், பலகைக்குக் கதவு போடுங்கள், அடுப்புக்குப் பின்னால் டைல்ஸ் ஒட்டுங்கள், அழகு சோறு போடுமா என்றெல்லாம் சொல்லிப் பார்த்தார். கீதாஞ்சலி ஒற்றைக் காலில் நின்றாள். அருள்குமாரோ அவளுக்குப் பிடித்தால் சரி என்று நழுவிவிட்டான்.

குடிபோன மூன்றாம் நாள் கடுகு வெடித்தது. சுவரில் மூன்று மஞ்சள் பொட்டு. அவள் தேய்த்த தேய்ப்பில் பொட்டு போனது, அந்த இடம் மட்டும் வட்டமாகப் பளபளத்தது. பலகையில் இருந்த ஊறுகாய் ஜாடிகளுக்குப் பஞ்சு படிந்து மீசை முளைத்திருந்தது. அவள் திட்டியிருந்தாலாவது தேவலை. சோற்றைப் பிசைந்தபடி சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாளிலிருந்து தாளிப்பு நின்றது. ரசம் என்ற பேரில் புளித்தண்ணீர் வந்தது, பொரியல் என்ற பேரில் வெந்த பீன்ஸ். உப்புச்சப்பில்லாத அந்தச் சோற்றை ஒரு வாரம் இருவரும் தின்று தீர்த்தார்கள். சுவர் பிழைத்தால் ரசம் செத்தது என்று அவளுக்கும் தெரியும். சொல்லத்தான் வீம்பு விடவில்லை.

எட்டாம் நாள் பழைய ரசம் திரும்பி வந்தது. சுவரைத் தடவித் தடவிப் பார்த்தாள், ஒரு பொட்டில்லை. பெயின்ட் கொஞ்ச நாள் காய்ந்தால் கறை பிடிக்காது போலிருக்கிறது என்று கம்பெனி முழுக்கப் பீற்றிக்கொண்டாள். கூட வேலை செய்யும் நிர்மலா, தானும் அதையே அடிக்கப்போவதாகச் சொல்லி, ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பார்க்கவே கிளம்பி வந்துவிட்டாள்.

நல்ல மழை. சமையலறையில் ஆளில்லை. கடுகு வெடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. கீதாஞ்சலி ஜன்னலைத் திறந்தாள். கொல்லைப்புறத்தில், துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், ஒற்றை அடுப்பின் மேல் குடையைப் பிடித்தபடி அருள்குமார் குந்தியிருந்தான். அடுப்பு நனையவில்லை. அவன் சொட்டச் சொட்ட நனைந்திருந்தான். நிர்மலா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"என்னங்க மாமா இது?" என்றாள் கீதாஞ்சலி.

அவன் அசடு வழிய எழுந்தான். "அந்தச் செவுத்தப் பாக்கறப்ப உம்மூஞ்சில ஒரு சந்தோசம் கண்ணு. அதைக் கெடுக்க மனசு வல்ல. ரசத்தைக் கெடுக்கவும் மனசு வல்ல."

கீதாஞ்சலியை வெட்கம் பிடுங்கித் தின்றது. பரணிலிருந்து பழைய அட்டைப்பெட்டி ஒன்றை இழுத்துக் கிழித்தாள். சுத்தியலை எடுத்து, யாரும் விரல் வைக்கக்கூடாதென்று காத்த அந்த வெள்ளைச் சுவரில் நாலு ஆணி அடித்து, அடுப்புக்குப் பின்னால் அட்டையை மாட்டினாள். பூச்சு உதிர்ந்து தரையில் விழுந்தது.

"உள்ள வாங்க. நாளைக்கு மேஸ்திரி வந்து டைல்ஸ் ஒட்டட்டும். என்ன கலருன்னு நீங்களே சொல்லுங்க."

அன்றைக்கு ரசத்துக்குத் தாளிப்பு வீட்டுக்குள்ளேயே நடந்தது. நிர்மலா மூன்று டம்ளர் குடித்தாள். எந்தப் பெயின்ட் என்று அவள் கடைசிவரை கேட்கவில்லை. ரசத்துக்கு எத்தனை பூண்டு என்று மட்டும் கேட்டுக்கொண்டு போனாள்.